பட்டா இல்லாமல் அச்சகக் கடன்: அரசு உத்தரவாதம் யாருக்கு?

கேள்வி – கீழக்கரை அச்சகத்தார்

கீழக்கரையில் 11 ஆண்டுகளாகச் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கடைகளுக்குப் பில் புத்தகம், மீன் ஏலக்காரர்களுக்குச் சீட்டு ஆகியவைதாம் என் வேலை. ஒற்றை வண்ண ஆப்செட் எந்திரத்தின் உருளைகள் தேய்ந்து, உப்புக்காற்றில் துருவும் ஏறிவிட்டதால், 8 லட்சம் ரூபாய்க்கு இரு வண்ண எந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியிருக்கிறேன். வங்கியில் வீட்டுப் பட்டாவைக் கேட்கிறார்கள். அதுவோ வாப்பாவும் அவருடைய உடன்பிறந்தாரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. அரசு உத்தரவாதக் கடன் வாங்கினால், தொழில் நொடித்தாலும் அரசே கட்டிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா?

பதில் – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், இராமநாதபுரம்

உங்கள் நண்பர் சொன்னதன் பிற்பகுதி தவறு. அந்த உத்தரவாதம் வங்கிக்கே தவிர, உங்களுக்கு அன்று. மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை, கடன் வாராக்கடனானால் நிலுவையில் பெரும்பாலும் 75 முதல் 85 விழுக்காடு வரை வங்கிக்கு ஈடு செய்கிறது. அதன் பிறகும் கடன் உங்கள் பெயரிலேயே நிற்கும், வசூல் நடவடிக்கையும் தொடரும். அப்படியானால் உங்களுக்கு என்ன பயன் என்றால், பட்டாவையோ வெளியாள் ஜாமீனையோ கொடுக்காமல் கடன் பெறலாம் என்பதுதான். வாங்கும் எந்திரம் மட்டும் வங்கியின் பெயரில் ஈடாக இருக்கும். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் சான்றுடன் சென்று, உத்தரவாதத் திட்டத்தின்கீழ் கடன் வேண்டும் என்று எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்பவருக்கு வாய்மொழியாகவே மறுப்பு வரும், முப்பது ஆண்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன். உத்தரவாதக் கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் பெறுபவரே ஏற்க வேண்டியிருக்கும். 2023 ஏப்ரலில் குறைக்கப்பட்ட விகிதப்படி, 10 லட்சம் வரை ஆண்டுக்கு 0.37 விழுக்காடு. உங்கள் தொகைக்கு முதல் ஆண்டில் ஏறத்தாழ 2,960 ரூபாய்.

பதில் – மண்டபம் அச்சகத்தார்

பழைய எந்திரம் என்றால் வங்கி தயங்கும். விற்பவரிடம் முறையான பில்லும், பொறியாளரிடம் மதிப்பீட்டுச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்; நான் சான்றில்லாமல் போய் இரண்டு மாதம் அலைந்தேன். அதைவிட முக்கியம் தவணை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஏலச் சீட்டு வேலை அடியோடு நின்றுவிடும். கடைக்காரர்களும் பில் புத்தகத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஆவணியிலும் தையிலும் வரும் அழைப்பிதழ் வருமானத்தைப் பார்த்துத் தவணையைக் கணக்கிட்டால் மே மாதத்தில் மூச்சு முட்டும். காகிதத்துக்கும் மைக்குமான பணத்தை எந்திரக் கடனோடு கலக்காமல், தனியாக நடைமுறை மூலதனக் கடனாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அரசு கட்டிவிடும் என்ற எண்ணத்தில் நான் 12 லட்சம் கேட்கவிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது எந்திரத்துக்கு 8 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்திரம் வந்து இறங்கி ஓடத் தொடங்கும் வரை அசல் தவணைக்கு அவகாசம் கேட்க முடியுமா?

பதில் – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், இராமநாதபுரம்

கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கடன் அனுமதியான பிறகு மாற்றுவது கடினம். அவகாசக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.