ஆளை அடித்துவிட்டு ஓடியவருக்கு ஒத்திவைத்த தண்டனை, இனி எங்களால் என்ன செய்ய முடியும்?

லிந்துலைப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், இப்படி ஒரு வழக்குக்காக அலைந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். போன வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

போன வருடம் டிசம்பர் மாதம் என் மாமா, அம்மாவின் தம்பி, நுவரெலியாவில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, தோட்டத்துக்குத் திரும்பும் வளைவை நோக்கி வீதியோரமாக நடந்து வந்திருக்கிறார். கையில் டோர்ச் லைட் இருந்தது. பின்னால் வந்த வேன் அடித்துவிட்டு நிற்காமலே போய்விட்டது. விடியக்காலம் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனவர்கள்தான் வீதியோரக் கானுக்குள், அந்த வடிகாலுக்குள், கிடந்தவரைக் கண்டார்கள். டோர்ச் அப்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருந்ததாம். அடிபட்ட உடனே உயிர் போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று மாமி இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்.

தேயிலைச் செடிக்குள் சிக்கியிருந்த சைட் கண்ணாடியை வைத்துப் பொலிஸார் வேனைத் தேடினார்கள். சாரதி மூன்றாம் நாள் லோயரோடு வந்து சரணடைந்தார். பனிமூட்டம், மாடு என்று நினைத்தேன் என்றாராம். போன வெள்ளிக்கிழமை குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2 வருடச் சிறை, அதுவும் 5 வருடத்துக்கு ஒத்திவைப்பு, அதாவது அதற்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால் சிறைக்கே போகத் தேவையில்லை, கொஞ்சம் தண்டப்பணம், 2 இலட்சம் நட்டஈடு, லைசன் 6 மாதம் ரத்து. அவ்வளவுதான். நாங்கள் தீர்ப்பு என்ன என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு நிற்கும்போதே அவர் போனில் பேசிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. கருமாதிக்கு முதல் நாள் சாரதியின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று 50,000 கொடுத்து, பணம் வாங்கியதற்கு அத்தாட்சி என்று சொல்லி மாமியிடம் ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். கடுதாசி சிங்களத்தில் இருந்தது. அதைத்தான் கோட்டில் கொடுத்திருக்கிறார்கள், குடும்பத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று.

ஃபேஸ்புக்கில் எல்லோரும் கொதிக்கிறார்கள். தோட்டத்துப் பெடியன்கள் ஞாயிற்றுக்கிழமை வீதியை மறிக்கப் போகிறோம் என்கிறார்கள். தீர்ப்பு வந்தால் முடிந்தது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் எங்கள் தோட்டத் தலைவர். அது உண்மையா?

பொகவந்தலாவை ராஜா

தங்கச்சி, வாசித்ததும் கை நடுங்குகிறது. 50,000 கொடுத்துக் கையெழுத்து வாங்கியதைக் கேட்கும்போதுதான் எனக்கு அடக்க முடியவில்லை. என் அண்ணன் போனபோதும் இப்படித்தான் இரண்டு பேர் பழத்தட்டோடு வந்தார்கள், அழுதார்கள், அம்மாவின் கையைப் பிடித்தார்கள், நாங்களும் நல்ல மனிதர்கள் என்று நம்பி கையெழுத்துப் போட்டோம். மூட்டை தூக்குகிறவன் செத்தால் இதுதான் விலையா? பெரிய இடத்துப் பிள்ளை ஒன்று அந்தக் கானுக்குள் கிடந்திருந்தால் அந்த ஆள் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருப்பானா? நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

பழைய முதலியார்

மகள், நான் நீதிமன்றங்களில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, 27 வருடம் நின்றவன். தலைவர் சொல்வது சரியில்லை, ஆனால் நாட்கள் ஓடுகின்றன, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள்தான். வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்றால் 5 நாள் போய்விட்டது. வழக்கு நடத்தியது பொலிஸ், அதனால் தண்டனை போதாது என்று மேலே போகவேண்டியது சட்டமா அதிபரின் பக்கம். அவருக்குக் குடும்பம் நேரடியாக மனு எழுதலாம், இன்றைக்கே எழுதுங்கள். அது நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர்கள் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு, அதாவது தீர்ப்பு சரியா என்று மறுபடி பார்க்கச் சொல்லும் மனு, போட வழி இருக்கிறது. அதற்கு இந்த 14 நாள் கணக்கு இல்லை, ஆனால் தாமதித்தால் ஏன் தாமதித்தாய் என்று கேட்பார்கள். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் முதல், பதிவறையில் வழக்கேட்டின் சான்றுபடுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுங்கள், அது கையில் இல்லாமல் எந்த லோயரும் ஒரு வரி எழுத மாட்டார்.

இனி அந்த 2 வருடத்தைப் பற்றி. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அதற்கு 5 வருடம் வரை சிறை கொடுக்கலாம். ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 303ஆம் பிரிவில் 2 வருடம் அல்லது அதற்குக் குறைந்த சிறையைத்தான் ஒத்திவைக்க முடியும். ஒரு மாதம் கூடியிருந்தாலும் அந்த ஆள் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் குற்றம், ஒப்புக்கொண்டார், நட்டஈடு கொடுக்கிறார், குடும்பத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு பக்கத்தை மட்டுமே நீதவான் கேட்டிருக்கிறார். மற்றப் பக்கத்தை யாரும் சொல்லவில்லை. கோபத்தோடு இதையும் யோசியுங்கள், ஏனென்றால் மீளாய்வில் உங்கள் பிடி இதுதான்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கென்று 2015இல் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 2023இல் அதைப் புதிதாக்கினார்கள். குற்றவாளி என்று கண்ட பிறகு, தண்டனை சொல்வதற்கு முன்னால், அந்தக் குற்றத்தால் தங்கள் வாழ்க்கை என்ன ஆனது என்று நீதிமன்றத்தில் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு, செத்தவரின் குடும்பமும் அதில் சேர்த்தி. உன் மாமியிடம் யாராவது கேட்டார்களா? மொழிபெயர்ப்பையும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமையாகவே தந்திருக்கிறது. நான் பார்த்த தாய்மார் எத்தனை பேர், ‘ஏதாவது சொல்லவேண்டுமா’ என்று கேட்டால் ‘சரிங்க ஐயா’ என்று தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள், வெளியே மரத்தடியில் வந்துதான் குரல் எழும்பும். அந்தக் கடுதாசியை மாமிக்கு யார் வாசித்துக் காட்டினார், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார், யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாவற்றையும் நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

2 இலட்சத்தோடு நட்டஈடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகச் சிவில் வழக்குப் போடலாம், காப்புறுதியும் அதில்தான் வரும். சம்பவ நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும்.

ஹட்டன் சாரதி

நானும் வேன் ஓட்டுகிறவன், 12 வருடமாக இந்த ரோட்டில். சாரதிகள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவேண்டும். மிஸ்ட் உண்மைதான், சில இரவு முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட்டே தெரியாது. தப்பு யாருக்கும் நடக்கலாம், எனக்கும் நடக்கலாம், அந்தப் பயத்தோடுதான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். ஆனால் மாடு என்று நினைத்தேன் என்பதை நான் நம்பமாட்டேன். சைட் கண்ணாடி போயிருக்கிறது. இடது கண்ணாடி இல்லாமல் நம் ரோட்டில் இரண்டு வளைவு திரும்ப முடியாது, கானோடு இருக்கும் பக்கம் அதுதானே. மாட்டை அடித்தாலும் வண்டிக்கு என்ன ஆனது என்று பார்க்கவாவது இறங்குவோம்.

சனம் அடிக்கும் என்று பயந்து ஓடினேன் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயமும் பொய்யில்லை. அப்படியென்றால் நேரே பக்கத்துப் பொலிஸுக்கு ஓட்டு, 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும். நின்று உதவி செய்து பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நாள் வந்தவரின் இரத்தத்தில் என்னத்தைப் பார்ப்பது? குடித்திருந்தாரா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. குடித்து ஓட்டி ஆளைக் கொன்றால் சட்டம் வேறு, மிகவும் கடுமை. நின்று பொலிஸுக்குப் போனவன் குடித்திருக்கிறானா என்று பார்க்கும் பலூனை ஊதிக் கணக்குக் கொடுக்கிறான், ஓடியவன் சுத்தமாக வந்து நிற்கிறான். என்னைப் பொறுத்தவரை இந்தத் தண்டனையில் மிக மோசமான இடம் இதுதான். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை வீதி விபத்தில் 7 பேர் செத்தபோது பிரேக்கைப் பற்றி, இறக்கத்தைப் பற்றி நாங்கள் எவ்வளவோ பேசினோம். அடித்துவிட்டு ஓடுகிறவனைப் பற்றி எங்கள் வேன் ஸ்டாண்டில் ஒருநாளும் பேசியதில்லை.

ராஜா அண்ணே, வீதியை மறிக்காதீர்கள். மறித்தால் கூலிக்குப் போகும் பெடியன்கள்தான் கோட்டுக்கு அலைவார்கள். அந்தக் கூட்டத்தை வைத்துச் சட்டமா அதிபருக்குப் போகும் மனுவில் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் ஸ்டாண்டிலிருந்து 30, 40 கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன்.

லிந்துலைப் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. நேற்று வியாழக்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு மிஸ் தமிழில் பொறுமையாகக் கேட்டார், மீளாய்வு மனுவுக்குப் பார்க்கலாம் என்றார், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

வரும் வழியில் பஸ்ஸில் மாமியிடம், கோட்டில் பேசியிருக்கலாமாம் என்று சொன்னேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, ‘என்னைக் கேட்டிருந்தால் காசைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன், இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று மட்டும்தான் கேட்டிருப்பேன்’ என்றார். அதை அப்படியே மனுவில் எழுதியிருக்கிறேன்.

பெடியன்கள் மறியலை விட்டுவிட்டுக் கையெழுத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். சாரதி அண்ணா, தாளை நாளைக் காலை 7 மணிக்கு ஸ்டாண்டுக்கே கொண்டுவருகிறேன். முதலியார் ஐயா, சிங்களக் கடுதாசியின் போட்டோப் பிரதி கையில் இருக்கிறது, மனுவையும் அதையும் அனுப்பினால் இன்று இரவு ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?