2019இல் உடையும் ஊதிய இடைவெளி: தரவைப் பிரிப்பதா, கைவிடுவதா?

ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே இருக்கிறது. ஒரே அட்டவணையில் சிக்கி நிற்கிறேன். தலைப்பு, பாலீர்ப்பும் ஊதியமும். தரவு, அமெரிக்காவில் ஆண்டுதோறும் குடும்பங்களிடம் நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பான ஏசிஎஸ் (American Community Survey), 2015 முதல் 2022 வரை. 25 முதல் 59 வயதுவரை உள்ள, சேர்ந்து வாழும் இணையர் மட்டும். மணி நேர ஊதியத்தின் மடக்கை மதிப்பில் சாதாரண ரெக்ரஷன் (மற்ற காரணிகளைக் கணக்கில் கொண்டு வேறுபாட்டை மதிப்பிடும் புள்ளியியல் முறை).

எதிர்பாலின இணையராக வாழும் ஆண்களோடு ஒப்பிட்டால், தன்பாலின இணையராக வாழும் ஆண்களின் ஊதியக் குறைவு 2018 வரை மங்கலாகத் தெரிகிறது. 2019இல் சட்டென்று பெரிதாகிறது. ஒரே ஆண்டில் முதலாளிகள் எல்லோரும் மனம் மாறியிருக்க வழியில்லை. என் சந்தேகம் கேள்வித்தாள் மீதுதான். அந்த ஆண்டில்தான் உறவுமுறைக் கேள்வியில் 'தன்பாலின', 'எதிர்பாலின' என்று தனித்தனிக் கட்டங்கள் வந்தன. அதற்கு முன், கணவனோ மனைவியோ பாலினக் கட்டத்தில் கை தவறிக் குறியிட்டாலே போதும், இருவரும் தன்பாலின இணையர் பட்டியலில் ஏறிவிடுவார்கள். பெரிய குழுவின் சிறு பிழை, சிறிய குழுவுக்குள் பெருங்கலப்படம்.

பாலினம் ஊகித்து நிரப்பப்பட்ட விடைகளை நீக்கிப் பார்த்தேன். கல்வி, தொழில், மாநிலம், குழந்தைகள் எல்லாம் சேர்த்தேன். பெருந்தொற்றால் குலைந்த 2020ஐ விட்டுவிட்டேன். முறிவு அசையவில்லை.

2019க்கு முந்தைய ஆண்டுகளைத் தனியாக மதிப்பிட்டு வைத்துக்கொள்வதா, அடியோடு கைவிடுவதா?