பிரிசெட்டைப் பாட்டுக்கு ஒன்றாக வைப்பதா, ஒலிக்கு ஒன்றாக வைப்பதா?

ஆறாம்தந்தி:
மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை எல்லாம் உண்டு. பழைய ரேக் பிராசசர் (கிட்டார் ஒலியை மாற்றித் தரும் கருவி) ஒன்றை பெரிங்கர் எஃப்.சி.பி.1010 ஃபுட் கண்ட்ரோலரால் (காலால் மிதிக்கும் பெட்டி) இயக்குகிறேன். அதில் பத்து பேங்க், பேங்குக்குப் பத்து இடம், ஆக நூறு. பாட்டுக்கு ஒரு பிரிசெட் (சேமித்துவைத்த ஒலி அமைப்பு) என்று நிரப்பிக்கொண்டே வந்ததில் அறுபதைத் தாண்டிவிட்டது. நேயர் விருப்பச் சீட்டு வந்ததும் பாடகர் உடனே தொடங்கிவிடுகிறார். நான் பேங்க் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்படியே தொடர்வதா, கிளீன் (சுத்தமான ஒலி), கிரஞ்ச் (சற்றுக் கரகரப்பான ஒலி), லீட் (தனி வாசிப்புக்கான ஒலி) என்று ஒலி வாரியாக மாற்றுவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

நாலேஒலி:
அறுபதையும் அழித்துவிடுங்கள் தம்பி. வீட்டில் ஹெட்போனில் செய்த லீட், மேடையில் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அமுங்கிப்போகும். அன்று மாலையே அளவைக் கூட்ட வேண்டும் என்றால் அறுபது பிரிசெட்டையும் திறந்து திருத்துவீர்களா? ஹம்பக்கர் கிட்டாரை விட்டு சிங்கிள் காயில் கிட்டார் எடுத்தால் மறுபடியும் அதே வேலை. கிளீன், கோரஸ் (ஒலியை இரட்டித்ததுபோல் காட்டும் எஃபெக்ட்) சேர்த்த கிளீன், கிரஞ்ச், லீட். நான்கு போதும். டிலேயை (எதிரொலி எஃபெக்ட்) தனியாகக் கண்ட்ரோல் சேஞ்சில் (பெட்டி பிராசசருக்கு அனுப்பும் ஒரு கட்டளை) போட்டு அணையுங்கள்: 127 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். எங்கள் சர்ச்சில் பாஸ்டர் நினைத்த நேரத்தில் பாட்டை மாற்றுவார். பாட்டு வாரியாக வைத்திருந்தால் அங்கே ஒரு ஞாயிறுகூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

முன்னிசை:
சர்ச் வாசிப்பு வேறு, மெல்லிசை வேறு. அங்கே பாடுகிறவர்கள் சபையார். இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டின் முன்னிசை மனப்பாடம். கிட்டார் இரண்டு சுரம் ஒலிப்பதற்குள் எந்தப் பாட்டு என்று கைதட்டல் வர வேண்டும். பொதுவான கோரஸ் ஒன்றை எல்லாவற்றுக்கும் பூசினால் அது வராது.

டிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட் 500 மில்லி விநாடி. முக்கால் பீட் டிலே என்றால் 375. அடுத்த பாட்டு 96 பீட் என்றால் அதே டிலே ஏறக்குறைய 469 ஆகிவிடும். உங்கள் நான்கு ஒலிகளில் எதில் இந்த இரண்டும் இருக்கின்றன? டேப் டெம்போ (மிதியைத் தட்டி வேகத்தைச் சொல்வது) என்று சொல்லாதீர்கள். கிட்டாரே தனியாகத் தொடங்கும் பாட்டில் எதைக் கேட்டுத் தட்டுவது?

நாலேஒலி:
கீபோர்டிலிருந்து மிடி (இசைக் கருவிகள் தமக்குள் கட்டளை அனுப்பும் முறை) கிளாக் எடுங்கள். பீட்டுக்கு 24 துடிப்பு வரும், பிராசசர் தானே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அது கிடக்கட்டும், பாட்டின் நடுவே பிரிசெட் மாற்றும்போது ஒலி அறுகிறதே, அதற்கு என்ன பதில்? மிடி 1983-இல் வந்த சங்கதி. வேகம் அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு குறைவாக மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது.

முன்னிசை:
எங்கள் கீபோர்டுக்காரர் கூட்டம் ஆட ஆரம்பித்ததும் வேகத்தை ஏற்றுகிறவர். அவருடைய கிளாக்கை நம்பி என் டிலேயை ஒப்படைக்க மாட்டேன்.

கேபிள்காரர்:
இடையே புகுவதற்கு மன்னிக்கவும். மிடியின் மீது பழி போடாதீர்கள் ஐயா. விநாடிக்கு 31,250 பிட் ஓடுகிறது. ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பத்து பிட், அதாவது 0.32 மில்லி விநாடி. பிரிசெட்டை மாற்றும் கட்டளையான புரோகிராம் சேஞ்ச் இரண்டே பைட். எஃப்.சி.பி. ஒரு மிதிக்கு அதிகபட்சம் ஐந்து புரோகிராம் சேஞ்சும் இரண்டு கண்ட்ரோல் சேஞ்சும் அனுப்பும். எல்லாம் சேர்ந்து 16 பைட், ஐந்து மில்லி விநாடி சொச்சம். காதுக்கு எட்டாத தாமதம். ஒலி அறுவது பிராசசர் புதிய பிரிசெட்டை ஏற்றும் நேரத்தில்தான். லைன் 6 ஹீலிக்ஸ் மாதிரியான புதிய கருவிகளில் ஒரே பிரிசெட்டுக்குள் எட்டு ஸ்னாப்ஷாட் (அதே எஃபெக்டுகளின் வெவ்வேறு அமைப்புகள்) இருப்பது இதற்காகத்தான். எல்லா எஃபெக்டும் முன்பே ஏறியிருப்பதால் இடைவெளி விழாது. 69-ஆம் கண்ட்ரோல் சேஞ்சில் 0 முதல் 7 வரை அனுப்பினால் போதும்.

இருவரும் கவனிக்காதது ஒன்று. காலடிப் பெட்டிக்குள் ஒலி எதுவும் கிடையாது, அது எண்ணை மட்டும்தான் சொல்கிறது. பத்து பேங்கிலும் முதல் மிதி ஒரே கிளீன் பிரிசெட்டை அழைக்கலாம். அப்போது பிராசசரில் ஓர் இடத்தில் அளவைக் கூட்டினால் பத்திலும் கூடும். ஒலிகளைப் பிராசசரில் வகை வாரியாக வையுங்கள்; மிதிகளைப் பாட்டுக்கு ஏற்றபடி அடுக்குங்கள். இரண்டும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

முன்னிசை:
நான் சொன்னதும் அதுதானே!

நாலேஒலி:
நீங்கள் சொன்னது அறுபது பிரிசெட். கேபிள்காரர் சொல்வது நான்கு ஒலியை நாற்பது இடத்திலிருந்து அழைப்பது. என் கட்சிதான் வென்றது.

முன்னிசை:
டிலே நேரம் பிரிசெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வரை நான்கில் அடங்காது. பன்னிரண்டுக்கு இறங்கி வருகிறேன். அதற்குக் கீழே முடியாது.

கேபிள்காரர்:
இன்னொன்று. சில கருவிகள் பிரிசெட்டை 0-விலிருந்து எண்ணும், சில 1-லிருந்து. பெட்டியில் 0 முதல் 127 என்றும் பிராசசரில் 1 முதல் 128 என்றும் காட்டினால் எல்லாம் ஓரிடம் தள்ளி வரும். அடுக்குவதற்கு முன் அதைச் சரிபாருங்கள். முடித்ததும் சிஸ்எக்ஸ் (கருவியின் அமைப்புகளை அனுப்பும் மிடி செய்தி) வழியாகக் கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம்தந்தி:
எல்லோருக்கும் நன்றி. கீழ் வரிசை 1 முதல் 5 வரை எல்லா பேங்கிலும் ஒரே ஐந்து ஒலி: கிளீன், கோரஸ், கிரஞ்ச், ரிதம், லீட். மேல் வரிசை ஐந்தும் தனி டிலே வேண்டிய பாட்டுகளுக்கு. அதிகம் கேட்கப்படும் பாட்டுகள் முதல் இரண்டு பேங்கில். சீட்டு எது வந்தாலும் நின்ற இடத்திலேயே கிளீனில் தொடங்கிவிடலாம்.

நாலேஒலி:
லீடை 5-இல் வைக்காதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே டவுன் மிதி இருக்கிறது. ஷூ சற்று விலகினால் அடுத்த மிதி வேறு பேங்கிலிருந்து வரும்.

முன்னிசை:
கீழ் வரிசைதான் எல்லா பேங்கிலும் ஒன்றாயிற்றே, வந்தால் என்ன?

நாலேஒலி:
மேல் வரிசையை மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.