டெஃபர் போட்டால் டேப் டிரைவ் ஒதுக்கப்படுமா, ஒதுக்கப்படாதா?

இரவுப்பணி:
மெயின்ஃபிரேம் (பெருங்கணினி) வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகப் பேட்ச்காரன் நேற்று எழுதிய ஜேசிஎல் (கணினிக்கு வேலையை விவரித்துக் கொடுக்கும் மொழி) குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "யூனிட்=(டேப்,,டெஃபர்) என்று எழுதினால் டேப் டிரைவ் ஒதுக்கப்படாது; நிரல் கோப்பைத் திறக்கும்போதுதான் கணினி டிரைவைத் தேடும்." இது முழுத் தவறு. டெஃபர் தள்ளிப்போடுவது டேப்பை மாட்டச் சொல்லும் செய்தியை மட்டுமே. டிரைவோ, ஸ்டெப் (வேலையின் ஒரு கட்டம்) ஓடத் தொடங்குவதற்கு முன்பே, அந்த ஸ்டெப் கேட்கும் மற்றச் சாதனங்களோடு சேர்த்து அந்த வேலையின் பெயரில் ஒதுக்கப்பட்டுவிடும். ஸ்டெப் முடியும் வரை, அல்லது ஃப்ரீ=குளோஸ் கொடுத்திருந்தால் கோப்பை மூடும் வரை, வேறு எந்த வேலையும் அதைத் தொட முடியாது. நாளை இந்த வரியை நம்பி ஒருவர் பத்து டிடி (நிரலுக்கு வேண்டிய கோப்பைக் குறிக்கும்) வரிகளில் டெஃபர் போட்டுவிட்டுப் போனால், இரவு முழுவதும் மற்ற வேலைகள் டிரைவுக்காகக் காத்துக் கிடக்கும். அந்த வரியைத் திருத்துங்கள்.

பேட்ச்காரன்:
பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் இருந்தபடி ஓர் அமெரிக்க வங்கியின் இரவுநேர பேட்ச் வேலைகளைப் பார்த்துவருகிறேன். ஜேசிஎல் எனக்குப் புதிதல்ல. டேப் மாட்டப்படாத டிரைவ் காலி டிரைவ்தான். டெஃபர் என்ற சொல்லுக்கே ஒத்திவைப்பது என்றுதான் பொருள். எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதென்றால் ஒத்திவைப்பது எதை? திருத்த வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரவுப்பணி:
ஒத்திவைப்பது மாட்டுவதை. மேலேயே சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன். டிரைவ் யாரிடம் இருக்கிறது என்பதைக் கணினி அந்தச் சாதனத்துக்கான யூசிபி என்ற கட்டுப்பாட்டுப் பதிவில் குறித்து வைத்திருக்கிறது. டிரைவுக்குள் டேப் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து அது முடிவெடுப்பதில்லை.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐபிஎம்மின் பழைய இயக்க அமைப்பான ஓஎஸ்/360 காலத்திலேயே, ஒரு வேலை இரண்டு டிரைவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருக்க, இன்னொரு வேலை அந்த மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதின் டிரைவுக்குக் காத்திருக்கும் முட்டுக்கட்டை பெரிய தலைவலியாக இருந்தது. ஐபிஎம்மின் ஹேவெண்டர் 1968இல் எழுதிய கட்டுரையில் இதற்கு முன்வைத்த வழிகளில் ஒன்று, தேவையான அனைத்தையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்ட பிறகே வேலை நகர வேண்டும் என்பது. ஸ்டெப் தொடங்கும் முன் எல்லாச் சாதனங்களையும் சேர்த்து ஒதுக்குவது அந்த விதியின்படிதான். டெஃபர் போட்ட டிரைவை மட்டும் திறக்கும் நேரத்தில் தேடிக்கொள்ளலாம் என்றால், பாதி ஓடிய நிரல் கையில் நான்கு டிரைவை வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்குத் தவம் கிடக்கும். தவிர்க்க நினைத்த முட்டுக்கட்டை அப்படியே திரும்ப வந்து நிற்கும்.

புதுநிரலர்:
ஐயா, ஒரு சந்தேகம். ஒதுக்குவது, மாட்டுவது, பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் நீங்கள் இருவரும் ஒரே பொருளில்தான் சொல்கிறீர்களா? முதலில் அதைச் சொல்லிவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பின்தொடர எளிதாக இருக்கும்.

பேட்ச்காரன்:
1968ஆம் ஆண்டுக் கட்டுரையை வைத்துக்கொண்டு இன்றைய கணினிக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதன் வழிவந்த இயக்க அமைப்பான எம்விஎஸ்ஸில் டைனமிக் அலகேஷன் இருக்கிறது. எஸ்விசி 99 என்ற கணினிச் சேவையை அழைத்தால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவைக் கேட்டு வாங்கலாம். எனவே எல்லாம் முன்கூட்டியே ஒதுக்கப்படும் என்ற உங்கள் விதி அங்கேயே உடைந்துவிட்டது.

இரவுப்பணி:
எஸ்விசி 99 வேறு, டெஃபர் வேறு. ஜேசிஎல்லில் டிடி வரி எழுதினாலே ஸ்டெப்பின் தொடக்கத்தில் ஒதுக்கச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். பேச்சு டெஃபரைப் பற்றியது, டெஃபரிலேயே நில்லுங்கள்.

ஜெஸ்3பற்றாளன்:
இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் செய்தது, வேலைகளை வரிசைப்படுத்தி உள்ளே விடும் அமைப்பான ஜெஸ்3. வேலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே டிரைவ்களை ஒதுக்கி, தேவையான டேப்புகளை மாட்டச் சொல்லி, எல்லாம் தயாரான பிறகுதான் வேலையை உள்ளே விடும். மூன்று ஸ்டெப்கள் முறையே 2, 4, 1 டிரைவ் கேட்கின்றன என்று வையுங்கள். ஹைவாட்டர்மார்க் (உச்சத் தேவை) செட்டப்பில் அந்த வேலைக்கு 4 டிரைவ் போதும் என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அதே பணியைச் செய்யும் இன்னொரு அமைப்பான ஜெஸ்2இல் ஸ்டெப்புக்கு ஸ்டெப் அடித்துப் பிடித்து வாங்க வேண்டும். இவ்வளவு நல்ல அமைப்பை வளர்க்காமல் விட்டதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பேட்ச்காரன்:
ஜெஸ்3 உடன் வந்த கடைசிப் பதிப்பு எம்விஎஸ்ஸின் இன்றைய வடிவமான இசட்/ஓஎஸ்ஸின் 2.5, 2021இல் வந்தது. அதோடு ஐபிஎம்மே அதை விட்டுவிட்டது. உங்கள் நான்கு டிரைவ் கணக்கிலும், முதல் ஸ்டெப் ஓடும்போது இரண்டு டிரைவ் சும்மா நிற்கிறதே!

ஜெஸ்3பற்றாளன்:
சும்மா நிற்கவில்லை, அடுத்த ஸ்டெப்புக்காகக் காத்து நிற்கிறது. முட்டுக்கட்டை வராமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. ஜெஸ்3ஐ ஒரு நாள்கூட இயக்கிப் பார்க்காதவர்கள் அதைக் குறை சொல்வதை நிறுத்த வேண்டும்.

தாமரைக்குளம்:
தலைப்பில் ஒதுக்குவது என்று இருந்ததால் ரிசர்வ் மேக்ரோவைப் பற்றிய பேச்சென்று நினைத்து உள்ளே வந்தேன். இரண்டு கணினிகள் ஒரே டிஸ்க்கைப் பகிரும்போது, ஒரு கோப்புக்காகப் போடும் ரிசர்வ் மொத்த டிஸ்க்கையும் மற்றக் கணினிக்குப் பூட்டிவிடுகிறது. அதை ஜிஆர்எஸ் (கணினிகளுக்கிடையே பூட்டுகளை நிர்வகிப்பது) வழியாக, அந்தக் கோப்பை மட்டும் பூட்டும் என்கியூவாக மாற்றினால் எவ்வளவோ காத்திருப்பு குறையும். உண்மையில் பேச வேண்டியது அதைத்தான்.

இரவுப்பணி:
அதற்குத் தனித் தலைப்பு தொடங்குங்கள், நண்பரே. இங்கே பேச்சு டேப் டிரைவைப் பற்றியது.

டேப் மாட்டாத டிரைவ் காலி என்று பேட்ச்காரன் சொன்னதற்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 1980களின் இறுதியில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு கணினி மையத்தில் இரவு ஆபரேட்டராக இருந்தேன். எட்டு 3420 சுருள் டேப் டிரைவ்கள். ஐந்து டிரைவ் கேட்ட வேலை ஒன்றுக்கு மூன்றுதான் கிடைத்தது. கன்சோலில் (ஆபரேட்டரின் திரை) ஐஇஎஃப்433டி செய்தி வந்து, கிடைத்தவற்றை வைத்துக்கொண்டு காத்திருக்கட்டுமா, விட்டுவிட்டுக் காத்திருக்கட்டுமா என்று கேட்டது. என்னோடு இருந்த இளைஞர் யோசிக்காமல் ஹோல்ட் என்று பதில் போட்டார். சற்று நேரத்தில், ஆறு டிரைவ் கேட்ட இன்னொரு வேலை, மற்ற வேலைகள் விடுவித்த ஐந்தையும் பிடித்துக்கொண்டது, அதற்கும் ஹோல்ட். மூன்றும் ஐந்தும் எட்டு. இரண்டு வேலையும் நகரவில்லை.

நான் அறைக்குள் போய்ப் பார்த்தேன். எட்டு டிரைவிலும் கண்ணாடிக்குப் பின்னால் சுருளே இல்லை. ஒன்றில்கூட டேப் சுழலவில்லை. பேட்ச்காரனின் கணக்குப்படி எட்டும் காலி. ஆனால் டிரைவ் கேட்ட எந்த வேலைக்கும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவற்றில் இரண்டு டிரைவ், கடைசி வரை திறக்கவே படாத டெஃபர் கோப்புகளுக்காகக் கேட்கப்பட்டவை. இரண்டாவது வேலையை கேன்சல் செய்த பிறகுதான் முதலாவது நகர்ந்தது. காலையில் திட்டு வாங்கியது நான்.

பேட்ச்காரன்:
அது ஹோல்ட் போட்டவரின் தவறு. நோஹோல்ட் போட்டிருந்தால் கையில் இருந்தவை விடுபட்டிருக்கும். உங்கள் மையத்தில் நடந்த தவறுக்கு என் குறிப்பைத் திருத்தச் சொல்கிறீர்கள். மேலும், இன்று யார் சுருள் டேப்பைக் கையால் மாட்டுகிறார்கள்? 2006இல் வந்தபோதே டிஎஸ்7700 என்ற மெய்நிகர் டேப் அமைப்பில் ஒரு கிளஸ்டருக்கே (ஒரு தொகுதிக்கே) 256 மெய்நிகர் டிரைவ்கள். டெஃபர் டிரைவைப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

இரவுப்பணி:
"பிடிக்காது" என்று குறிப்பில் எழுதினீர்கள். இப்போது "பிடித்தால் என்ன" என்கிறீர்கள். 256 இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு வேலையின் பெயரில்தான் நிற்கும். மாத இறுதி இரவில் 256ம் தீர்ந்துபோவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

புதுநிரலர்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, ஐயா.

ஜெஸ்3பற்றாளன்:
ஹோல்ட், நோஹோல்ட் என்று ஆபரேட்டரைக் கேட்கும் நிலையே ஜெஸ்3 டிரைவ்களை நிர்வகித்த இடங்களில் எளிதில் வந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பேட்ச்காரன்:
இரவுப்பணி அவர்களின் வயதுக்கும் அனுபவத்துக்கும் மதிப்புக் கொடுத்துத்தான் இதுவரை பொறுமையாகப் பேசினேன். சென்ற ஆண்டு ஜிடிஜி (ஒரே கோப்பின் தலைமுறை வரிசை) பற்றி நான் எழுதியபோதும் இவர்தான் முதலில் வந்து குறை சொன்னார். என் கணினியில் டெஃபர் போட்ட வேலை ஓடும்போது டேப் மாட்டும் செய்தி வருவதில்லை. அதைத் தினமும் பார்க்கிறேன். என் குறிப்பு அப்படியே இருக்கும்.

இரவுப்பணி:
கோப்பைத் திறக்கும் வரை மாட்டும் செய்தி வராது என்றுதான் நானும் முதல் பதிவிலிருந்து சொல்லிவருகிறேன்! டிரைவைப் பற்றிக் கேட்டால் செய்தியைப் பற்றிப் பதில் வருகிறது. இன்று இரவு உங்கள் டெஃபர் வேலை கோப்பைத் திறப்பதற்கு முன்பு, கன்சோலில் டி யூ,டேப்,அலக் (ஒதுக்கப்பட்ட டேப் டிரைவ்களைக் காட்டும் கட்டளை) என்று அடியுங்கள். அந்த டிரைவின் எண்ணுக்கு எதிரே உங்கள் வேலையின் பெயர் இருக்கிறதா, இல்லையா? அந்த ஒரு வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள். ஜிடிஜியைப் பற்றிப் பிறகு பேசலாம். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

பேட்ச்காரன்:
எங்கள் நிறுவனத்தின் கன்சோல் திரையை வெளியே ஒட்ட எனக்கு அனுமதி இல்லை.

இரவுப்பணி:
ஒட்ட வேண்டாம். அடித்துப் பார்த்துவிட்டு, பெயர் இருந்தது, இல்லை என்று ஒரு சொல் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.