காருக்கு டின்டட் (இருட்டு பிலிம்) ஒட்டிய அன்றைக்கே கண்ணாடி இறக்கலாமாம்!

லயத்துக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "டின்டட் ஒட்டி 2 மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் போதும், அன்றைக்கே கண்ணாடி இறக்கலாம், மூன்று நாள் இறக்கக்கூடாது என்பதெல்லாம் கடைக்காரன் காட்டும் பூச்சாண்டி." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 19 வருடமாக இந்தச் சுங்கை சிப்புட்டில் பிலிம் ஒட்டுகிறேன். எழுதியவர் ஒரு கதவுக்காவது ஒட்டிப் பார்த்திருக்கிறாரா? மூன்று நாள். மழைக்காலம் என்றால் ஐந்து நாள்.

மைவி_ஓட்டி:
எழுதியது நான்தான் அண்ணே. ஒட்டத் தெரியாது, ஒட்டிய காரை ஓட்டத் தெரியும். காலை 11 மணிக்கு வேலை முடிந்தது, 2 மணிக்கு ஈப்போவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். எட்டு மாதம் ஆகிவிட்டது, ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை. உங்கள் 19 வருடத்துக்கு என் கார் கட்டுப்படவில்லை போலிருக்கிறது.

லயத்துக்காரன்:
தம்பி, வெயில் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். தண்ணீரில் நாலு சொட்டு பேபி ஷாம்பு விட்டுத் தெளித்தால்தான் பிலிம் வழுக்கி இடத்துக்கு வரும், அப்புறம் ரப்பர் பிளேடால் அழுத்தி அழுத்தித் தண்ணீரை வழித்துத் தள்ளுவோம், எவ்வளவு வழித்தாலும் பசையோடு கொஞ்சம் ஈரம் தங்கத்தான் செய்யும், அது பிலிமைக் கடந்து மெல்ல மெல்லத்தான் ஆவியாகும். நடுக்கண்ணாடி வெயிலில் காயும், சரி. மேல் ஓரம் கதவுச் சட்டத்தின் ரப்பருக்குள், கீழ் ஓரம் கதவுக்குள். அங்கே எந்த வெயில் போகிறது? ஈரம் காயாமல் முழுக்க இறக்கி ஏற்றினால் கதவு ரப்பர் அந்த மேல் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிவிடும். மூன்று நாள் என்று சொல்வது இதற்குத்தான்.

கிராணியம்மா:
எனக்கு அப்படியே நடந்தது. வேறு ஊரில் ஒரு கடையில் ஒட்டினேன், பெயர் வேண்டாம். அன்று சாயங்காலமே தோட்டத்து கேட்டில் புது ஜாகா (காவலாளி), உள்ளே யார் என்று அவருக்குத் தெரியவில்லை, கண்ணாடியைத் தட்டினார். பவர் விண்டோ பட்டன் மேல் கடைக்காரர் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். நான் அவசரத்தில் அதைப் பிய்த்துவிட்டு இறக்கினேன். ஏற்றும்போது மேல் மூலை வெற்றிலை சுருண்ட மாதிரி சுருண்டது. வீடு போவதற்குள் செம்மண் தூசி பசையில் ஏறிவிட்டது. கடையில் போய்க் கேட்டால், "நீங்கள் இறக்கினீர்கள், வாரண்டி கிடையாது" என்றார்கள்.

மைவி_ஓட்டி:
அக்கா, அது நாளோட குற்றம் இல்லை, வேலைக்காரனோட குற்றம். மேல் ஓரத்தைக் கண்ணாடி விளிம்போடு சமமாக வெட்டியிருக்க வேண்டும். பிலிம் துருத்திக்கொண்டு நின்றால் பத்து நாள் கழித்து இறக்கினாலும் சுருளும். எனக்கு ஒட்டியவர் விளிம்பை ஃபைல் (அரம்) வைத்து ராவினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒழுங்காக ஒட்டினால் அன்றைக்கே இறக்கலாம்.

லயத்துக்காரன்:
ஃபைல் நானும்தான் போடுகிறேன்! ஃபைல் போட்டால் ஈரம் காய்ந்துவிடுமா?

பால்மரம்71:
அது கிடக்கட்டும். கடையில் சிவப்பு விளக்கைப் போட்டு, பிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்லி, "99 சதவீதம் சூடு தடுக்கும்" என்று விற்கிறார்களே, அதைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா?

லயத்துக்காரன்:
நல்ல கேள்வி ஐயா. அந்த விளக்கு பெரும்பாலும் இன்ஃப்ராரெட் சூடுதான் தரும். வெயிலில் அது ஏறக்குறைய பாதி, மீதியில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அதுவும் சூடாக்கும். அதனால் மொத்தச் சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள். அந்த 99 அங்கே நிற்காது.

பால்மரம்71:
போன தீபாவளிக்கு முன் நீங்களும் எனக்கு அதே விளக்கைத்தான் காட்டினீர்கள். அன்றைக்கு இந்தப் பாடம் நடத்தவில்லையே?

லயத்துக்காரன்:
எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மீட்டரையும் காட்டினேன். நீங்கள்தான் விலையை மட்டும் கேட்டீர்கள்.

மைவி_ஓட்டி:
மீட்டரா? இவர் ஒட்டிய ஒரு புரோட்டான் சாகா காருக்கு முன் கதவு இருட்டு என்று ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் கொடுத்தது, எங்கள் லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) எல்லாருக்கும் தெரியும். முன் கண்ணாடி 70 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும், முன் கதவு 50. இதுகூடத் தெரியாதவர் நாள் கணக்கு சொல்கிறார்.

லயத்துக்காரன்:
அந்தச் சாகா உங்கள் மச்சானுடையது, அதையும் எழுதுங்கள். 2019 மே மாதத்திலிருந்து பின் கதவும் பின் கண்ணாடியும் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, முன்னால் கூடாது என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன். "மானேஜர் கார் மாதிரி வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஒட்டியது என் தப்புதான், அன்றோடு நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்கும் மூன்று நாளுக்கும் என்ன சம்பந்தம்? கேள்விக்குப் பதில் இல்லாதபோது மச்சான் காரை இழுக்காதீர்கள். மூன்று நாள்.

கிராணியம்மா:
தம்பி, ஒட்டியவர் பட்டன் மேல் டேப் ஒட்டித்தானே உங்களையும் அனுப்பினார்?

மைவி_ஓட்டி:
ஒட்டினார் அக்கா. எல்லாக் கடையிலும் ஒட்டுவார்கள், வழக்கம்.

லயத்துக்காரன்:
என்ன வழக்கம்? எதற்கு அந்த டேப்? சும்மா அழகுக்கா? உங்களுக்கு ஒட்டியவரே "இறக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார், நீங்கள் பிய்த்துப் போட்டுவிட்டு இங்கே வந்து ஊருக்கு யோசனை சொல்கிறீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு நாளைக்கு யாராவது இறக்கினால், சுருண்ட பிலிமை உரித்துப் பசையைச் சுரண்டி மறுபடி ஒட்டுவது நான். அரை நாள் வேலை.

மைவி_ஓட்டி:
எட்டு மாதம் அண்ணே. ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை. சனிக்கிழமை தங்கச்சி காருக்கும் ஒட்டப் போகிறேன், சாயங்காலம் இறக்கிப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

லயத்துக்காரன்:
போடுங்கள். கண்ணாடியின் நடுவைக் காட்டாமல் மேல் ஓரத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் போடுங்கள்.

பால்மரம்71:
என் பின் கண்ணாடியில், ஓரத்துக் கறுப்புப் புள்ளிகள் மேல் பிலிம் ஒட்டாமல் வெள்ளையாகப் பட்டை தெரிகிறது. தீபாவளியிலிருந்து கேட்கிறேன். எப்போது வரட்டும்?