ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?

சத்துவாச்சாரிக்காரன்:
நேற்று வீட்டு ஜெபத்தில் வந்த வாக்குவாதம் இது. பைபிளின் யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாள் ஏழாம் நாள் என்று தெளிவாக இருக்கிறது. யூதர்கள் இன்றும் வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும்வரை ஆசரிக்கிறார்கள். ஞாயிறை ஓய்வாக்கியது கி.பி. 321-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை, அதிலும் உழவர்களுக்கு விலக்கு. அரசன் சொன்னதற்காகக் கற்பனையை, அதாவது தேவன் கொடுத்த கட்டளையை, மாற்றலாமா?

காட்பாடி நர்ஸ்:
தம்பி, அந்த அரசன் பிறப்பதற்கு முன்பே வாரத்தின் முதல்நாளில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடினார்கள், அப்போஸ்தலர் 20:7 பாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்த நாள் அது. அப்புறம், எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு டியூட்டி, நான் கற்பனையை மீறுகிறேனா?

சத்துவாச்சாரிக்காரன்:
இல்லை அக்கா. செய்யக்கூடாத வேலைகளை 39 வகையாக எண்ணிவைத்த ரபிகளே, அதாவது யூத மதகுருக்களே, உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறத்தான் வேண்டும் என்கிறார்கள். நான் கேட்பது எந்த நாள் என்று.

ஆம்பூர் பாய்:
எங்களுக்கு வெள்ளி ஜும்ஆ எனும் கூட்டுத்தொழுகை நாள், ஓய்வுநாள் இல்லை. பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விடு, தொழுகை முடிந்ததும் போய்ப் பிழைப்பைத் தேடு என்கிறது குர்ஆன் (62:9-10). ஆறு நாளில் படைத்த இறைவனைக் களைப்பு தொடவில்லை என்றும் சொல்கிறது. நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் வெள்ளி லீவுதான், ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை யாராவது வந்து பார்த்தாக வேண்டும், வருவது எப்போதும் தினக்கூலி ஆள்.

குடியாத்தம் தறி:
பாய் சொன்னதுதான் விஷயம். எங்கள் தாத்தா அமாவாசையன்று தறிக்குழியில் இறங்கமாட்டார். பாட்டிக்கோ அன்றுதான் படையல், வடை, பாயசம் என்று இரண்டு மடங்கு வேலை.

காட்பாடி நர்ஸ்:
அதே யாத்திராகம வசனத்தை முழுதாகப் படியுங்கள் தம்பி. வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன் எல்லாருக்கும் ஓய்வு. எகிப்தில் நீ அடிமையாக இருந்ததை நினை என்று உபாகமம் 5 காரணமும் சொல்கிறது. ஆராதனை முடிந்து வந்து நாம் மட்டன் குழம்பு சாப்பிடுகிறோம், பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு ஞாயிறுதான் அதிகப் பாத்திரம்.

சத்துவாச்சாரிக்காரன்:
அதனால்தான் நாளைக் குறித்துக் கொடுத்தார்கள் அக்கா. ஏதோ ஒரு நாள் என்று விட்டால் கூலிக்காரனுக்கு அந்த நாள் வரவே வராது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு இதுவரை சனி லீவு கொடுத்ததில்லை. இந்த வாரம் முதல் கொடுக்கிறோம், சம்பளம் பிடிக்கமாட்டோம்.

குடியாத்தம் தறி:
நல்லது. எந்த நாள் வேண்டும் என்று அவரையும் கேளுங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு ஞாயிறாக இருக்கலாம்.