பாய்மரப் படகில் மிக்ஸி ஓடுமா?

லங்காவியில் 32 அடி பாய்மரப் படகில் நானும் மனைவியும் தங்கியிருக்கிறோம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. 1500 வாட் இன்வெர்ட்டர் வாங்க யோசனை. 750 வாட் மிக்ஸி, 500 வாட் ரைஸ் குக்கர் ஓட்டலாமா? சட்னி இல்லாத தோசைக்கு வீட்டம்மா சம்மதிக்க மாட்டார்.

கடற்காகம்:
மிக்ஸிக்குப் பயமில்லை. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 70 ஆம்பியர் இழுக்கும்; ஆனால் மூன்று நிமிடம் அரைத்தால் போவது 3.5 ஆம்பியர்-அவர்தான். குக்கர்தான் தின்னும்: அரை மணிக்கு 23. லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 100. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜும் அதில்தான் ஓட வேண்டும். சோற்றைக் கேஸில் வையுங்கள் அண்ணே.

வயர்மேன்:
ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டரே வாங்குங்கள். மலிவானதில் மிக்ஸி மோட்டார் உறுமும், சூடாகும். 1500 வாட் முழுதாக இழுத்தால் 12 வோல்ட்டில் 140 ஆம்பியர்! கேபிள் தடிமனாக, குட்டையாக இருக்கட்டும். உப்புக் காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு நல்லது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. எஞ்சின் ஸ்டார்ட் பேட்டரியை இதில் இழுக்காதீர்கள்.

கேட்டவர்:
சரி, குக்கர் மெரினாவில் (படகு கட்டும் துறையில்) கரை மின்சாரம் கிடைக்கும்போது மட்டும். லித்தியம் பேட்டரி போட்டால்?

கடற்காகம்:
80 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) நேராக மாட்டினால் அது சூடேறிக் கருகலாம். இடையில், இழுக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.